ஆரத்திப் பொட்டு விழுந்த வண்டி

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டை ஒட்டிக் கஜபதியின் பாலிஷ் பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பக்கம் தகரம், மேலே ஓலை, நடுவில் ஒரு மோட்டார், மோட்டாரின் இரண்டு முனையிலும் துணிச் சக்கரம். பெயர்ப் பலகை மட்டும் ஆள் உயரத்துக்கு இருக்கும். அதில் கஜபதியின் பெயரைச் சிவப்பில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். வேலையில் முக்கால்வாசியைச் செய்தவள் அவன் தங்கை பேபி. அவள் பெயர் பலகையில் இல்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை, அவளுடைய வருத்தம் வேறு.

தான் மினுக்கிக் கொடுத்த வண்டி ஒன்றுகூட வாசலைத் தாண்டிப் போவதை அவள் பார்த்ததில்லை. பம்பரையும், பக்கவாட்டில் ஓடும் பட்டையையும் துண்டு துண்டாகத்தான் பார்ப்பாள். அதெல்லாம் வண்டியில் ஏறி, வண்டி வெயிலில் போய் நிற்கும்போது அவள் பின்பக்கம் கிணற்றடியில் இருப்பாள். இன்ஜின் சத்தம் ரோட்டில் கரைந்த பிறகு வந்து துணிகளைப் பொறுக்கி வைப்பாள். புருஷனை இழந்தவள் கிளம்புகிற வண்டிக்கு எதிரே நிற்கக் கூடாது என்பது பட்டறையின் சட்டம். யாரும் அதை எழுதி ஒட்டவில்லை, அதனாலேயே அதை மாற்றவும் முடியவில்லை.

அவள் பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில். கட்டிக்கொடுத்தது சேக்காட்டில். புருஷன் வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு முலாம் கம்பெனியில் பாலிஷ் சக்கரம் பிடித்தவன். நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். கம்பெனிக்காரர் இரக்கப்பட்டு அவளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். முலாம் தொட்டியில் இறக்குகிற சாமான்களைச் செம்புக் கம்பியில் கோத்துக் கட்டுகிற வேலை. ஆவடியில் ரயிலேறிப் போய் வருவாள். சக்கரத்து ஆள் லீவு போட்ட நாட்களில் யாரையும் கேட்காமல் சக்கரத்தில் போய் நின்றாள். திட்டினார்கள். சாமான் சரியாக வந்ததைப் பார்த்ததும் திட்டுவதை விட்டார்கள். அப்படித்தான் அவளுக்குச் சக்கர வேலை கைவந்தது.

கஜபதி சொந்தமாகப் பட்டறை போட்டபோது அவளைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டான். தங்கையை வைத்துக் காப்பாற்றுகிறான் என்று அக்கம்பக்கத்தில் அவனைப் புகழ்ந்தார்கள். யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பது ஊருக்கு எங்கே தெரியப்போகிறது. கஜபதியைக் கெட்டவன் என்றும் சொல்லிவிட முடியாது. பயந்தவன், அவ்வளவுதான். பயந்தவன் செய்கிற காரியத்துக்கும் கெட்டவன் செய்கிற காரியத்துக்கும் அனுபவிப்பவர்களுக்கு ரொம்ப வித்தியாசம் தெரியாது.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பட்டறை போட்ட புதிதில் பூந்தமல்லி செங்கல்வராயன் லாரி வந்தது. முன் பம்பரைப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார்கள். லாரி கிளம்பும்போது பேபி கையில் வாளியோடு எதிரே நின்றுவிட்டாள். திருமழிசை தாண்டுவதற்குள் லாரி பள்ளத்தில் இறங்கித் தவிட்டு மூட்டையெல்லாம் சரிந்தது. டிரைவருக்கு ஒரு பல் போனதோடு சரி. ஆனால் செங்கல்வராயன் பட்டறை வாசலில் வந்து நின்று பேசிய பேச்சு நான்கு ஊருக்குக் கேட்டது. அந்த டிரைவர் முந்தின ராத்திரி கண்ணை மூடாமல் ஓட்டியவன். அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பேபி கிணற்றடிக்குப் போக ஆரம்பித்தாள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. தன் பார்வையில்தான் ஏதோ இருக்கிறது என்று அவளே நம்பினாள், அதுதான் கொடுமை.

அறுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் சாந்தோமிலிருந்து ரகுநாதன் என்பவர் ஒரு சீமை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. செக்கச்செவேல் என்று, தரையோடு ஒட்டினாற்போல நீளமாக இருந்தது. அதன் பெயர் கஜபதியின் வாயில் நுழையவில்லை, அவன் முயற்சி செய்யவும் இல்லை. வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாதாம். கடல் காற்றில் நின்று நின்று வெளிப்பூச்சுத்தான் போய்விட்டது. பம்பரில் துரு. முன்கண்ணாடிச் சட்டமும், இரண்டு பக்கமும் ஓடுகிற பட்டைகளும், முன்னால் இருக்கிற கம்பி வரிசையும் சாம்பல் பூத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தன. பெங்களூரில் ரகுநாதனுடைய தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த வண்டியாக இதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். சனிக்கிழமை இங்கிருந்தே நேராகப் பெங்களூருக்கு ஓட்டிப் போய்விடுவேன், அதற்குள் புதுசு போல ஆக்கித் தர வேண்டும் என்றார்.

பம்பரை அம்பத்தூருக்கு அனுப்பிப் புது முலாம் போட்டு வாங்குவது கஜபதியின் பாடு. மற்றதெல்லாம் அலுமினியம், அது பேபியின் பாடு. அலுமினியத்தில் விளையாட முடியாது என்று அவளுக்குத் தெரியும். எஸ்டேட்டில் ஒருத்தன் அலுமினியக் கைப்பிடிகளை இரும்பு என்று நினைத்துக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனான். வந்து தூக்கிப் பார்த்தால் கட்டின கம்பி மட்டும்தான் வந்தது. சோடாவும் சரி, சுண்ணாம்பும் சரி, அலுமினியத்தைத் தின்றுவிடும். ஆனாலும் மிச்சமிருந்த பழைய பூச்சை எடுக்க அதே சோடாத் தண்ணீரைத்தான் அவள் கலந்தாள். பட்டையை முக்கினாள், கறுத்தவுடனே எடுத்தாள், கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். பிறகு தண்ணீரில் நனைத்த உப்புத்தாளில் முரட்டுத் தாள், நடுத்தரம், பூத்தாள் என்று வரிசையாக இழைத்தாள். சக்கரத்தில் பாலிஷ் மெழுகைத் தேய்த்துப் பட்டையை மெதுவாகக் கொடுத்தாள். முகம் முழுக்கக் கரி. பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் வண்டியில் மாட்டி முடித்தார்கள். கடைசியாக ஒரு வேலை பாக்கி. மினுக்கிய அலுமினியம் பச்சைக் குழந்தையின் தோல் மாதிரி, அதற்கு மேல் ஒரு மெழுகுப் பூச்சு கொடுத்தால்தான் காற்றும் தண்ணீரும் பிடிக்காது. வெளிச்சம் போய்விட்டது, காலையில் எழுந்ததும் பூசிக்கொள்ளலாம் என்று பேபி வைத்துவிட்டாள். கஜபதிக்குப் பூஜை அவசரம். வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை ஏறப்போகிற வண்டி, நல்ல நேரம் போவதற்குள் சூடம் காட்டிவிட வேண்டும். அவன் பேபியைப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து மணிச் சத்தத்தைக் கேட்டாள். சூட வாசனை வந்தது. வண்டியை ஓர் அடி தள்ளியபோது எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கடியில் நசுங்கும் சத்தம் கூடக் கேட்டது. கஜபதியின் பெண்சாதி ஜெகதாம்பாள் ஆரத்தித் தட்டோடு வண்டியைச் சுற்றி வருகிறாள் என்பது கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது. ஜெகதாம்பாளுக்கு நாத்தனார் மேல் பிரியம் அதிகம். நல்ல மீன் துண்டைப் பேபிக்குத்தான் வைப்பாள். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அவளும் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பேபி முன்பக்கம் வந்தபோது வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். அவளும் பட்டறையை ஒட்டியிருந்த வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள்.

விடிந்ததும் மெழுகு டப்பாவும் துணியுமாக வந்து தார்ப்பாயை விலக்கினாள். விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்கண்ணாடிச் சட்டத்தில், பக்கப் பட்டைகளில், முன்னால் இருந்த கம்பிகளில், கைப்பிடிக்குப் பக்கத்தில் என்று ஓர் இடம் விடாமல் ஆரத்தியைத் தொட்டு வரிசையாகப் பொட்டு வைத்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அது காய்ந்து கறுஞ்சிவப்பாகிப் போயிருந்தது. பேபி ஒன்றை ஈரத் துணியால் துடைத்தாள். பொட்டு வந்துவிட்டது. கீழே வெள்ளையாக, ஓரம் கறுத்து, அம்மைத் தழும்பு போல ஒரு வட்டம் இருந்தது. இன்னொன்றைத் துடைத்தாள், அங்கேயும் இருந்தது. நகத்தால் தடவினாள், பள்ளம் தட்டியது. ஆரத்திக்குச் சிவப்பு வர மஞ்சளோடு என்ன கலப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வண்டியாயிற்றே என்று ஜெகதாம்பாள் சுண்ணாம்பைத் தாராளமாகவே போட்டிருக்கிறாள்.

அவளுக்கு அழுகைதான் வந்தது. வாரம் முழுக்க இழைத்த இழைப்பு. அதைவிட, இந்த வண்டி கிளம்பும்போது தகரத்து ஓட்டை வழியாகவாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு திருட்டு ஆசை வைத்திருந்தாள். அதற்கும் சேர்த்து அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனை எழுப்பப் போனாள்.

கஜபதி ஓடி வந்து பார்த்தான். இதையெல்லாம் கழற்றி, இழைத்து, மாட்ட எங்கே நேரம் என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெயிலில் வந்த கறை என்று சொல்லிப் பார்க்கலாமா என்றான். மூடி வைத்த வண்டிக்கு ராத்திரியில் வெயில் எங்கிருந்து வந்தது என்று ஜெகதாம்பாளே கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் அழுதாள். பேபி யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்குள் ஒரு பட்டையை முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

கழற்றாமலே செய்யலாம், ஆனால் சக்கரத்தை வண்டிக்குக் கொண்டுவர முடியாது, கையால்தான் தேய்க்க வேண்டும். கைதவறினால் சிவப்புப் பெயின்ட் போய்விடும். அதற்காகப் பட்டையின் இரு பக்கமும் பழைய பேப்பரைப் பசை தடவி ஒட்டினாள். புள்ளி இருக்கிற இடத்தை மட்டும் தேய்க்கவும் முடியாது. அங்கே குழி விழுந்து, வெயிலில் நெளிநெளியாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு புள்ளிக்காக முழுப் பட்டையையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சமமாக இறக்க வேண்டும். மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு மண்டி போட்டு ஆரம்பித்தாள். கஜபதி தண்ணீர் ஊற்றினான். ஜெகதாம்பாள் பழைய வேட்டியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள்.

இந்த வேலையைப் பட்டறைக்குள் செய்ய முடியவில்லை, வெளிச்சம் போதாது. வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும்படி, நெற்றியில் பொட்டில்லாத ஒருத்தி மாப்பிள்ளை வண்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். ரகுநாதன் டாக்சியில் வந்து இறங்கியபோது முதலில் பார்த்தது அவளைத்தான்.

கஜபதி ஓடிப் போய் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பேச்சு வெயில் பக்கமாகப் போவது தெரிந்ததும் ஜெகதாம்பாள் குறுக்கே வந்தாள்.

“நான்தான் சார் ஆரத்திப் பொட்டு வெச்சேன். சுண்ணாம்பு தின்னுட்ச்சு. அவரு மேல எந்தத் தப்பும் இல்ல.”

ரகுநாதனுக்குக் கோபம் வந்தது, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எமகண்டத்துக்கு முன்னால் புறப்பட்டாக வேண்டும், நாளைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நீங்கள் எல்லாம் சேர்ந்து என் மானத்தை வாங்குகிறீர்களா என்று கேட்டார். எப்போது முடியும் என்றார். கஜபதி தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்தாமலே, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும், சார் நிழலில் உட்காரட்டும் என்றாள். பட்டறைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் உட்கார்ந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். முதலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பிறகு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தார். மற்ற வேலையும் இவர் செய்ததுதானா என்று கஜபதியிடம் கேட்டார். கஜபதி கொஞ்சம் முழித்துவிட்டு, ஆமாம் சார், அலுமினியம் பூரா இது செய்ததுதான் என்று ஒப்புக்கொண்டான். ரகுநாதன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் போனார்.

கடைசிக் கம்பியை முடித்து, மெழுகைப் பூசி, பேப்பரை உரித்து, ஈரத் துணியால் பசையைத் துடைத்தபோது பேபியின் முட்டி நிமிரவில்லை. வண்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். பட்டை மேல் தழும்பு ஒன்றுகூட இல்லை. ரகுநாதன் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தார். சரி என்றார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

கஜபதி தொண்டையைக் கனைத்தான்.

“பேபி,” என்றான். மோவாயால் பின்பக்கத்தைக் காட்டினான்.

அவள் வழக்கம்போலத் திரும்பிவிட்டாள். இரண்டு எட்டுக்கூட வைத்துவிட்டாள். பிறகு நின்றாள்.

“நேத்து நான் பின்னால போனதாலதானே இப்டி ஆச்சு? இங்கியே இருந்திருந்தா அண்ணி கையப் புடிச்சிருப்பேன். இன்னிக்கு நான் போவல.”

“மாப்ள ஏறப்போற வண்டி, பேபி. நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா இன்னா பண்றது?”

“ஆச்சுன்னா என்னாலதான்னு சொல்லிக்கோ. ஊரு அல்லாம் அப்டித்தானே சொல்லுது.”

தைரியசாலிகள் பேசுகிற மாதிரி அவள் பேசவில்லை. பேசி முடித்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த அழுக்குத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டிக்குள் இருந்தவருக்கும் எல்லாம் கேட்டது. கூரையில்லாத வண்டி, கேட்காமல் என்ன செய்யும்.

ரகுநாதனின் கை சாவி மேலேயே இருந்தது. அவரும் தயங்கினார். தம்பி கல்யாணம், எதிரே அவள் நிற்கிறாள், படித்த மனுஷனுக்கும் மனசு ஒன்றுதான். பேபி அந்தத் தயக்கத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவளாகவே கிணற்றடிக்கு ஓடியிருப்பாள். அதற்குள் அவர் சாவியைத் திருப்பிவிட்டார்.

“போயிட்டு வரேம்மா,” என்றார். கஜபதியிடம் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார்.

வண்டி நகர்ந்தது. வாசல் நிழலைத் தாண்டியதும் வெயில் முன்கண்ணாடிச் சட்டத்தில் ஏறி, பக்கப் பட்டையில் இறங்கி, ஒரே கோடாகப் பின்னால் வரை ஓடியது. எங்கேயும் தட்டவில்லை, நெளியவில்லை. பேபி ரோட்டோரம் வரை போய் நின்று, திருமழிசைப் பக்கம் அது சிவப்புப் புள்ளியாகி மறைகிற வரை பார்த்தாள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

சந்தோஷம் வீடு வந்து சேருவதற்குள் தீர்ந்துவிட்டது. கைகால் கழுவிச் சோற்றின் முன்னால் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. எதிரே நின்றது நின்றாகிவிட்டது, இனி திருப்பி வாங்க முடியாது. ராணிப்பேட்டை போயிருக்குமா, வேலூர் தாண்டியிருக்குமா, மலைப்பாதையில் ஏறுமே என்று மனசு வண்டி பின்னாலேயே ஓடியது. பெங்களூர்ப் பக்கமிருந்து லாரி வந்தால் எழுந்து போய்ப் பார்ப்பாள். வழியில் ஏதாவது சிவப்பு வண்டி கவிழ்ந்து கிடந்ததா என்று டீக்கடையில் டிரைவர்களைக் கேட்கக் கஜபதியை அனுப்பலாமா என்றுகூட நினைத்தாள், கேட்க வாய் வரவில்லை. ஆனால் அவள் சொல்லாமலே கஜபதி டீக்கடைக்கு அடிக்கடி போய் வந்தான். ஜெகதாம்பாள் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப் படத்தடியில் வைத்தாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், வெயில் தாழ்ந்த நேரம். பேபி வாசலில் ஒரு வேனின் பட்டைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். அந்த இன்ஜின் சத்தம் தூரத்தில் வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வண்டி வந்தது. உடம்பெல்லாம் புழுதி. முன்கம்பியில் காய்ந்த சாமந்தி மாலை ஒன்று அவிழ்க்காமலே தொங்கியது. ரகுநாதனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது, வேறு யாரும் இல்லை. அவர் நிறுத்தவில்லை. ஹார்னை ஒரு தட்டு தட்டி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டார்.

பேபி உள்ளே ஓடினாள்.

“அண்ணி, வண்டி வந்துட்ச்சு. முழுசா வந்துட்ச்சு.”

ஜெகதாம்பாள் எந்த வண்டி என்று கேட்கவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பேபி குலுங்கிக் குலுங்கி அழுதாள். லாரிக்கும் வேம்புலிக்கும் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்த எல்லா நாளுக்கும் சேர்த்து அழுதாள். கஜபதி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். அன்று ராத்திரி ஜெகதாம்பாள் தட்டில் வைத்ததையெல்லாம் பேபி சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அந்த வேன் கிளம்ப வேண்டியிருந்தது. புதிதாகக் கைமாறிய வேன், முதல் சவாரி, அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஜெகதாம்பாள் சூடத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பேபி, யாரும் கண்ணால் சொல்லாமலே, பழக்கத்தில் கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் எதிரே நின்றதே பெரிது, தினமும் கேட்கக் கூடாது என்று அவளுக்கு எண்ணம்.

வாசலில் இன்ஜின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தையும் மீறிக் கஜபதியின் குரல் கேட்டது.

“பேபி, அங்க இன்னா பண்ணிகினு கீற? வண்டி கெளம்புது, வா.”

அவள் கயிற்றை விட்டுவிட்டு ஈரக் கையோடு முன்பக்கம் நடந்தாள்.